கணிப்பு எது? சூது எது?

சென்ற 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் தேதி, சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கழகம் அது. முதலில் ஃபேரர் பார்க், 1933 முதல் புக்கிட் தீமா, 1999 முதல் கிராஞ்சி என்று இடம் மாறி மாறி 180 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய குதிரைகள் நின்றுவிட்டன. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே சாமான் ஏற்றி இறக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயர் வந்த காரணமே தெரியாது.

திடல் மூடப்பட்டது நல்லதா, கெட்டதா என்று விவாதிக்க நாம் இங்கே வரவில்லை. பந்தயத்தில் பணம் கட்டுவது ஹராம் என்பதில் நம்மிடையே இரண்டு அபிப்பிராயம் கிடையாது. திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம், 90-ஆம் வசனம், மதுவோடு சேர்த்துச் சூதையும் விலக்கி வைத்துவிட்டது. ஆனால், விலக்கப்பட்டது என்பதை அறிந்திருப்பது வேறு. ஏன் விலக்கப்பட்டது என்று யோசித்துப் பார்ப்பது வேறு. அப்படி யோசித்தால், அந்தக் கேள்வி பந்தயத் திடலோடு நின்றுவிடுவதில்லை. நேராக நடந்து வந்து நமது கடைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

நமக்குப் பழக்கமான ஜவுளி வியாபாரி ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர். கடைக் கணக்கில் ஐந்து காசு தவறாது. வெள்ளிக்கிழமை இரவு கடை அடைத்த பிறகு, மறுநாள் ஓடும் குதிரைகளின் பட்டியலை விரித்துவைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நாம் மெல்லக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்கே தம்பி சூதாடுகிறேன்? கணக்கல்லவா போடுகிறேன்! பெருநாளைக்கு எத்தனை கைலி போகும், தீபாவளிக்கு எத்தனை சேலை போகும் என்று நீங்களும் கணக்குப் போட்டுத்தானே ஊருக்கு ஆர்டர் எழுதுகிறீர்கள்? அதுவும் போனால் போகும், தங்கினால் தங்கும். இரண்டுக்கும் என்ன பேதம்?"

அன்று நமக்குப் பதில் வரவில்லை. அவருடைய கேள்வி தட்டிக்கழிக்கக் கூடியதும் அன்று.

அவர் போட்ட கணக்கு இலேசானதல்ல. இந்தக் குதிரை கடைசியாக ஓடிய நாலைந்து பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது? அப்போது ஓடிய தூரம் எவ்வளவு, நாளைய தூரம் எவ்வளவு? மழை பெய்து தரை இளகியிருந்தால் அதற்குக் கால் பாவுமா? புறப்படும் கட்டம் உள்வேலி ஓரமா, வெளியோரமா? ஜாக்கி யார்? முதுகில் எத்தனை கிலோ பாரம்? இத்தனையும் பார்த்து ஒரு நாளைக்குப் பத்துப் பந்தயங்களை எடைபோடுவதற்கு மூளை வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஆனால் அந்தப் பாரத்தைப் பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். பெரும்பாலான பந்தயங்களில், நன்றாக ஓடும் குதிரைக்குப் பாரம் கூடுதலாகவும், மந்தமான குதிரைக்குக் குறைவாகவும் ஏற்றுகிறார்கள். அதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே அவருடைய வேலையின் இலட்சியம். அதாவது, நம் பெரியவர் இரவெல்லாம் விழித்திருந்து தேடும் வித்தியாசத்தை, அவருக்கு முன்பே ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, ஈயக்கட்டி வைத்துச் சமப்படுத்திவிட்டார். நம் பெரியவருக்குக் கிடைப்பது அந்த அதிகாரியின் கணக்கில் விழுந்த பிசகு மட்டுமே.

அடுத்தது பணக்கணக்கு. 'டோட்' என்று நம் நாட்டில் சொல்லப்படும் முறை 1860-களில் பாரிஸ் நகரில் ஜோசப் ஒல்லேர் என்பவர் ஏற்படுத்தியது. எல்லாரும் கட்டிய பணம் ஒரே தொகையாகச் சேர்கிறது. நடத்துகிறவர்களின் பங்கும் வரியும் போக, மிச்சம் வென்றவர்களுக்குப் பிரிகிறது. உதாரணமாக, ஒரு பந்தயத்தில் 10,000 வெள்ளி சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இருபது கழிந்தால் மிச்சம் 8,000. எல்லாரும் விரும்பும் குதிரை மேல் 4,000 வெள்ளி விழுந்திருக்கிறது. அது ஜெயித்தால் ஒரு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி. ஆகவே, கட்டியவருக்கு நஷ்டமில்லாமல் இருக்க வேண்டுமானால் அது இரண்டு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தாக வேண்டும். ஆனால் கூட்டத்தாரின் மதிப்போ நூற்றுக்கு நாற்பதுதான். கூட்டத்தார் சரியாக மதிப்பிட்டிருந்தால், கட்டிய ஒவ்வொரு நூறிலும் இருபது போய்விடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. 'எந்தக் குதிரை நல்ல குதிரை?' என்பதைத் தெரிந்துகொள்வதால் பந்தயத்தில் இலாபம் இல்லை. 'எந்தக் குதிரையைப் பற்றி மற்ற மனிதர்கள் தவறாக நினைத்திருக்கிறார்கள்?' என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இலாபம். கணிக்கப்படுவது குதிரை அல்ல. பக்கத்தில் வரிசையில் நிற்கும் மனிதனுடைய அறியாமை.

நிற்க. நாம் அந்தப் பெரியவரிடம் வாதாடவில்லை. "நீங்கள் வியாபாரி. இது வியாபாரமானால் இதற்கும் பற்று வரவு எழுதுங்கள்," என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அவரும் சம்மதித்தார்.

பந்தயக்காரர்கள் ஏன் கணக்கு எழுதுவதில்லை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் மூன்றுக்கு ஒன்று சரியாகக் கணிக்கிறார் என்று கொள்வோம். அது நல்ல கணிப்புத்தான். எட்டுப் பந்தயம் ஓடும் ஒரு நாளில் எட்டும் அவருக்குத் தவறிப் போவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நாலு கூட இல்லை. ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அவர் ஒரு வெற்றியையாவது கையில் கொண்டு வீடு திரும்புகிறார். காப்பிக் கடையில் அதைத்தான் சொல்லுகிறார். போன ஏழும் சட்டைப்பையோடு போய்விடுகின்றன. பெருமை நினைவில் நிற்கிறது. நஷ்டம் நோட்டில் எழுதினாலொழிய நிற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மக்ளாத்லின் என்பவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளின் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த குதிரைகளை மக்கள் அளவுக்கு மிஞ்சி நாடுவதைக் கண்டார். காலையில் பென்சிலும் பட்டியலுமாக வந்தவர், மாலையில், விட்டதை ஒரே அடியாகப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆவேசத்தில் கணிப்பை விட்டுவிடுகிறார் என்று இதற்குக் காரணம் சொல்லுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெரியவர் நோட்டைக் கூட்டிப் பார்த்தார். தொகை என்னவென்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை இரவில் அவர் மேஜை மேல் பட்டியலைக் காணோம். நமக்குச் சந்தோஷம். ஆனால் அவருக்குச் சந்தோஷமில்லை. "தம்பி, நஷ்டம் என்று நோட்டுச் சொன்னது, விட்டேன். இலாபம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? அல்லாஹ்வுக்குப் பயந்தா விட்டேன்? நோட்டுக்கல்லவா பயந்தேன்!" என்றார்.

சகோதரர்களே! இந்த இடத்தில்தான் விஷயம் ஆழமாகிறது. சூதில் எல்லாரும் தோற்பார்கள் என்று சொல்லிப் பயமுறுத்துவது எளிது. ஆனால் அது முழு உண்மை அல்ல. 1980-களில் பில் பெண்டர் என்ற அமெரிக்கர் ஹாங்காங்குக்குச் சென்று, கணினியில் குதிரைகளைக் கணித்துப் பெருஞ்செல்வம் திரட்டினார். தமது முறையை 1994-இல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். ஆகவே, 'நஷ்டம் வரும். ஆகையால் தவறு' என்ற வாதம் அவரைத் தொடாது. நஷ்டம் வராவிட்டாலும் தவறுதான் என்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் குதிரைகள் ஓடவில்லையா? ஓடின. அவர்களே ஓட வைத்தார்கள். மெலியப் பழக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை நீண்ட தூரமும், பழக்காத குதிரைகளுக்குக் குறைந்த தூரமும் வகுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் சவாரி செய்தார்கள். மூன்றாம் மனிதர் ஒருவர் பரிசு வைத்தால் ஆகும் என்றும், ஓடுகிற இரு தரப்பாரும் பணம் வைத்து, வென்றவர் தோற்றவரின் பணத்தை எடுத்துக்கொள்வது ஆகாது என்றும் மார்க்க அறிஞர்கள் சட்டம் வகுத்தார்கள். எனவே, குதிரையைக் கணிப்பது குற்றமல்ல. அதன் வேகத்தை வியப்பதும் குற்றமல்ல. ஒருவன் கை நிறைவதற்கு இன்னொருவன் கை வெறுமையாவதே ஒரே வழியாக இருக்கிறதே, அதுதான் குற்றம்.

இப்போது பெரியவரின் முதல் கேள்விக்கு வருவோம். சேலைக்கு ஆர்டர் எழுதுவதும் கணிப்புத்தான். ஆனால் நமது கணிப்புப் பலித்தால் நெய்தவனுக்குக் கூலி, கப்பல்காரனுக்குக் கேள்வு, வாங்கியவளுக்குச் சேலை, நமக்கு இலாபம். பலிக்காவிட்டாலும் சேலை சேலையாகவே கிடக்கிறது. விலை குறைத்தாவது ஒருவர் உடுத்துவார். நாம் மற்றவருடைய தேவையைக் கணித்தோம். பந்தயக்காரரோ மற்றவருடைய தவற்றைக் கணித்தார். இதுதான் பேதம்.

இத்தோடு நிறுத்தினால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் நிறுத்த முடியாது. ஏனெனில் அதே அளவுகோல் நம் மேலும் பாயும். சந்தை விலை தெரியாமல் வெளியூரிலிருந்து சரக்குக் கொண்டுவரும் வணிகக் கூட்டத்தை, ஊருக்குள் வருமுன்பே வழியில் போய் எதிர்கொண்டு மலிவாக வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே குதிரையும் இல்லை, பகடையும் இல்லை. பொருள் இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஆயினும் தடுத்தார்கள். காரணம் என்ன? இலாபம் சரக்கிலிருந்து வரவில்லை. விற்றவனின் அறியாமையிலிருந்து வந்தது.

விலை ஏறப் போகிறது என்று நமக்குத் துப்புக் கிடைத்து, அது தெரியாத சில்லறைக்காரரிடம் இருக்கும் சரக்கை அவசரமாக வளைத்துக்கொள்கிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? ஒரு சரக்கில் அடிபட்டு, 'ஒரே அடியில் பிடித்துவிடலாம்' என்று கடன் வாங்கி, நமக்குப் பழக்கமில்லாத சரக்கில் கொட்டுகிறோமே, அது கடைசிப் பந்தயமா, வியாபாரமா? பிறர் தலையில் கட்டிய சரக்கைப் பற்றிக் காப்பிக் கடையில் பெருமையாகச் சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு எங்கே பழகியது?

இவற்றுக்கெல்லாம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. சரக்கின் தரத்தையும் சந்தையின் போக்கையும் மற்றவரைவிட நன்றாக அறிந்திருப்பது வியாபாரியின் தொழில். அதற்குக் கூலி உண்டு. அந்த அறிவு எந்த இடத்தில் பிறரின் கண்ணைக் கட்டும் கையாக மாறுகிறது என்பதை அவரவர் மனச்சாட்சிதான் அறியும். ஒரு சோதனை மட்டும் சொல்லலாம். பேரம் முடிந்த பின், நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துவிட்டால், அவர் நம் கையைப் பிடித்து ஸலாம் சொல்லுவாரா, கையை உதறிக்கொண்டு போவாரா? ஸலாம் சொல்லுவார் என்றால் அது வியாபாரம்.

கிராஞ்சித் திடல் காலியாகிவிட்டது. அங்கே போகாதவர்கள் என்பதற்காக நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் பெரியவர் நோட்டைக் கூட்டிப் பார்த்தார். பிறகு தம்மையும் கூட்டிப் பார்த்தார். இன்றிரவு கடை அடைத்த பிறகு, கல்லாவை எண்ணி முடித்ததும், நாமும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்போமாக.