வேரும் வழக்கும்

சமயச் சொல்லின் மெய்ப்பொருள் அதன் வேரில்தான் இருக்கிறது என்று வாதிடுவோர் அகராதியை வேதமாக்கிவிடுகிறார்கள். கருங்குழியில் அமர்ந்து செங்கல்பட்டு ஜாகீரை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் ஆங்கிலத்தைப் பார்ப்போம். அவர்களுக்குப் ‘பகோடா’ என்றால் கோயில். வரிக்கணக்கில் அதுவே பொன் வராகன். மூன்றரை ரூபாய் பெறுமான நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் திருமால், மறுபக்கம் நட்சத்திரம். கடவுளைப் பதித்தே கப்பம் வாங்கினார்கள்! மாமல்லபுரத்தை மாலுமிகள் ‘ஏழு பகோடா’ என்றார்கள். 1788-இல் அதைப் பற்றி எழுதிய வில்லியம் சேம்பர்ஸும் அப்பெயரைச் சொல்கிறார். இன்றைய ஆங்கிலேயருக்கோ ‘பகோடா’ என்றால் சீனத்துப் பௌத்த கோபுரம். வேர் பகவதியா, சிலை வீட்டைக் குறிக்கும் பாரசீகச் சொல்லா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை. வேர் துலங்காமலே சொல் இத்தனை காலம் உழைத்திருக்கிறது என்றால், பொருள் தருவது வழக்குதான்.

அப்படியானால் வலியவன் வைத்ததே பொருளாகிவிடாதா? நியாயமான அச்சம்தான். ஆனால் பழைய ஆங்கிலத்தின் ‘காட்’ கிறித்தவத்துக்கு முந்தைய ஜெர்மானியச் சொல். அப்போது அது அஃறிணைப் பால். கிறித்தவர்கள் அதை எடுத்து ஆண்பாலாக்கி ஏக இறைவனுக்குச் சூட்டினார்கள். போதகர் தொடங்கிவைத்தார், உண்மை; அதில் பொருளை நிரப்பியவர்கள் நூற்றாண்டுகளாக அச்சொல்லால் வேண்டிக்கொண்ட எளியவர்கள். வழிபடுவோர் ஏற்காத பெயர் வரைபடத்தோடு நின்றுவிடும். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர் ‘பகோடாவுக்குப் போகிறேன்’ என்று சொல்வதில்லை.