கணக்கில் வராத காற்று

பழைய காரை விற்பது என்று முடிவானதும் நண்பர் ஒருவர் சொன்ன முதல் ஆலோசனை, "அந்த லைற்றை அழிச்சுப்போட்டு விளம்பரத்தைப் போடும்" என்பது. 2004ஆம் ஆண்டுக் கார். வாங்கிய கிழமையே றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்த கார். கடைசி இரண்டு குளிர்காலமும் அதன் முகப்பில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முப்பது டொலர் வாசிப்புக் கருவியைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும். திரும்ப எரிய மூன்று நாலு நாள் ஆகும். அதற்குள் கார் கைமாறிவிடும்.

"அது ஏமாத்து இல்லையா?" என்றேன்.

"உமக்கு என்ன பிழை எண்டு தெரியுமே? தெரியாது. தெரியாததை எப்பிடி ஐசே மறைக்கிறது?"

விளக்கை அழிப்பது பொய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எரிந்தது எனக்குத் தெரியும். ஆனால் விளக்கை எரிய விட்டே, வருகிறவரிடம் "என்ன பிழை எண்டு தெரியாது தம்பி" என்று சொன்னால்? அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரண்டு வருடமாக நான் தேடிப் பார்க்காததால் கிடைத்த உண்மை அது. நண்பரின் கேள்வியில் என்னைக் குடைந்தது இந்த இடம்தான்.

சட்டம் இதில் அதிகம் உதவாது. ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் கார் விற்கும்போது கொடுக்கவேண்டிய தகவல் பொதி, முன்னைய உரிமையாளர்களையும் காரின் மேல் உள்ள கடனையும் சொல்லும். எஞ்சினின் நோயைச் சொல்லாது. பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாளைக்குச் செல்லும். அது பிறேக், ஸ்ரியறிங், விளக்குகள் போன்றவற்றைப் பார்ப்பது. 1999இல் தொடங்கிய 'டிரைவ் கிளீன்' புகைப் பரிசோதனை இருந்த காலத்தில், பிற்காலத்திலாவது, அந்த மஞ்சள் விளக்கோடு போனால் தேற முடியாது. 2019 ஏப்ரல் முதலாம் திகதியோடு சாதாரணக் கார்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். அதுவரை அரசாங்கம் எங்களைத் தெரிந்துகொள்ளக் கட்டாயப்படுத்தியது. பிறகு அது எங்கள் பாடு.

விற்பவன் எவ்வளவு சொல்லவேண்டும் என்பது பழைய கேள்வி. சிசெரோ 'கடமைகள்' நூலில் ஒரு தானிய வியாபாரியைக் கொண்டுவருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்லவேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்கிறார் டயோஜெனிஸ். அவர் பீப்பாய்க்குள் இருந்தவர் அல்ல, பாபிலோன்காரர். வாங்குபவனுக்குத் தெரியாத எதையும் மறைக்கக்கூடாது என்கிறார் அவருடைய மாணவர் அந்திபாற்றர். சிசெரோ மாணவர் பக்கம். இருவரும் வாதாடுவது தெரிந்தவனைப் பற்றி. தெரியவராமல் பார்த்துக்கொள்ளுகிறவன் அவர்களுடைய வழக்கில் இல்லை.

அவனைப் பிடித்தவர் வில்லியம் கிளிஃபர்ட். ஆங்கிலேயக் கணித அறிஞர், 33 வயதில் இறந்துபோனவர். 1877இல் வெளியான அவருடைய 'நம்பிக்கையின் அறம்' கட்டுரை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை திருத்தியது. ஏறப்போகிறவர்களோ குடிபெயரும் குடும்பங்கள். பயணத்துக்கு முன் அவனுக்கு ஐயம் எழுகிறது. இத்தனை புயலைத் தாண்டிய கப்பல், இதையும் தாண்டும் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி ஐயத்தை அடக்கி, கடைசியில் உண்மையாகவே நம்பி அனுப்பிவைக்கிறான். கப்பல் தாழ்கிறது, இன்சூரன்ஸ் காசு வருகிறது. அவன் குற்றவாளி என்பதில் கிளிஃபர்டுக்குத் தயக்கம் இல்லை. அடுத்ததாக அவர் கேட்பதுதான் கடினமானது: கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தால்? அப்போதும் குற்றம் அதே அளவுதான். வெளியே தெரியாது, அவ்வளவே என்கிறார்.

குடிபெயரும் குடும்பங்கள் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த இரண்டு குளிர்காலமும் 404இல் இந்தக் காரை ஓட்டியது என் மனைவி. பின்னால் இருந்தது மகள். வாங்கப்போகிறவரைப் பற்றி அறம் பேச வெளிக்கிட்டவன் நான்! வேலையிடத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. ஓயாமல் அடிக்கும் எச்சரிக்கையை முதலில் மௌனமாக்குவோம், காரணத்தைப் பிறகு பார்ப்போம் என்போம். பிறகு வருவதில்லை.

அடுத்த சனிக்கிழமை பொனற்றைத் திறந்தேன்.

குறியீடு பி0171. எரிகலவையில் காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்பது அதன் பொருள். ஏன் என்று அது சொல்லாது. பலர் உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றுவார்கள். சேதி கொண்டுவந்தவனை அடிப்பது போல. நான் எண்களைப் பார்த்தேன். கார் நின்றபடி ஓடும்போது கணினி வழமையைவிட 22 வீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்றுகிறது. 2500 சுற்றுக்கு உயர்த்தினால் அது 5 வீதத்துக்கு இறங்குகிறது. இது காற்றுக் கசிவின் கையெழுத்து. எஞ்சின் மெல்ல ஓடும்போதுதான் உள்ளே வெற்றிடம் அதிகம். நல்ல எஞ்சினில் பாதரச மட்டத்தில் 18 முதல் 22 அங்குலம். வெற்றிடம் இழுக்கிறது என்கிறோம். அது எதையும் இழுப்பதில்லை. காற்றுக் கடலின் அடியில் நாங்கள் வாழ்கிறோம் என்று 1644இல் தொரிசெல்லி எழுதினார். அந்தக் கடல்தான் வெளியிலிருந்து தள்ளுகிறது. உடைந்த குழாய் வழியே நுழைவது, காற்றளவி பார்க்காத, கணக்கில் வராத காற்று.

ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு மூட்டாகக் கொண்டுபோனேன். சூடான எஞ்சினில் தீப்பற்றும் திரவத்தைத் தெளித்துப் பார்க்கும் முறையும் உண்டு; எனக்கு அந்தத் துணிவு இல்லை. துணி சுற்றிய குறட்டால் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்தேன். உள்வழிக் குழாயின் பின்பக்கம் ஒன்றை நெரித்ததும் எஞ்சின் ஓட்டம் மாறியது. எண்ணெய்ப் புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் குழாயின் ரப்பர் முழங்கை; மேலே நல்ல தோற்றம், அடியில் விரல் நுழையும் வெடிப்பு.

அதை எட்டும்போது என் கை பட்டு, நல்லாயிருந்த மெல்லிய குழாய் ஒன்றின் மும்முனை மூட்டு பிஸ்கற் போல உடைந்தது. இருபது வருடம் வெந்த பிளாஸ்ரிக். தேடாமல் விட்டிருந்தால் அது உடைந்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குழாய்க்குள் மாட்டிய துண்டோடு அரை அங்குலத்தை வெட்டி, அதே விட்டமுள்ள புது மூட்டைச் செருகினேன். முழங்கைக்கு எண்ணெய் தாங்கும் ரப்பர் வேண்டும். சாதாரணக் குழாய் ஊறிப்போகும், கறுப்பு ரேப் ஒரு மாதம் தாங்கும். இரண்டுக்குமாக 19 டொலர்.

பிறேக்குக்கு உதவும் வெற்றிடமும் அதே இடத்திலிருந்துதான் போகிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்ரார்ட் செய்தேன். மிதி மெல்லக் கீழே இறங்கியது. நல்ல அடையாளம். நண்பருக்குச் சொன்னேன். "பாத்தீரே, ஒண்டுமில்லை. அப்பவே வித்திருக்கலாம்" என்றார். கரைசேர்ந்த கப்பலின் முதலாளி என்று அவருக்கு விளங்கப்படுத்தப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒரு ஹயர்க்காரர் இருந்தார். மொறிஸ் மைனர். பெற்றோல் இல்லை, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடும். உதிரிப்பாகமும் வராது. காபரேட்டரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வெற்றிடக் குழாயின் மூட்டுக்குச் சைக்கிள் வால்வுக்குள் இருக்கும் ரப்பரைச் செருகியிருந்தார். பழுதில்லாத பாகம் ஒன்று அதில் இருந்ததோ என்னவோ. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தவர், கதவைத் திறக்கமுதல் சொன்னார்: "ஏறமுதல் சொல்லிப்போடுறன் தங்கச்சி. ஏத்தத்திலை இழுக்காது, வால்வ் ரப்பர் கழண்டால் நிப்பாட்டிச் செருகவேணும், தம்பி தள்ளவேண்டி வரும். சம்மதமெண்டால் ஏறுங்கோ." வேறு கார் இல்லை என்பது அவருக்கும் தெரியும். வேறு வழியில்லாதவர்களிடம் சம்மதம் கேட்டு என்ன பயன் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அந்தக் காரைப் பற்றி அவர் அறியாதது எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் தடவித் தடவிப் பார்ப்பார்.

கார் வாங்க வந்தவர் ஸ்காபரோ நிலக்கீழ் அறையில் இருக்கும் மாணவர், கிளிநொச்சிப் பக்கம். இரவு வேலைக்குப் போக பஸ் இல்லை. உடைந்த முழங்கையையும் மூட்டையும் பிளாஸ்ரிக் பையில் போட்டு வைத்திருந்து காட்டினேன். இரண்டு வருடம் விளக்கு எரிந்ததையும், நான் பார்க்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இவ்வளவு சொல்லுறியள் எண்டால் வேறை ஏதோ இருக்கு."

தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்றார். திறப்பைக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்து, முந்நூறு டொலர் குறைத்துக் கேட்டார். மெக்கானிக் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பெரிசா ஒண்டும் சொல்லேல்லை" என்றார். குறைத்தேன்.