நாளையை எழுதுவது யார்?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது ஊரார் கணக்கு. டிசம்பர் 31 இரவு, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு மக்கள் திரள்திரளாக ஏறுகின்றனர். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைத் துரைமார்களுக்கு வாழ்த்துச் சொல்லப் போனவர்களை மலைப்பக்கம் திருப்புவதற்காக, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த விழா இது என்பர். அதே இரவில் கிறித்துவ அன்பர்கள் தேவாலயத்தில் மண்டியிட்டு நள்ளிரவு மணியை எதிர்நோக்கியிருக்கின்றனர். படியேறுவோரும் மண்டியிடுவோரும் மனத்துள் கேட்பது ஒன்றே: வரும் ஆண்டில் நமக்கு என்ன எழுதியிருக்கிறது?

எழுதியிருக்கிறதா? எழுதியது யார்? பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நான் தலைகுனிந்து திரும்பினேன். அவர் மகன் என் மாணவன், பத்தாம் வகுப்பு, கணக்கில் சூரன். திடீரென்று பள்ளிக்கு வருவது நின்றது. தேடிச் சென்றேன். பையன் தறியில் இருந்தான். தந்தை கொடியவர் அல்லர். “என் தகப்பனும் தறி, நானும் தறி, அவனுக்கும் அதுதான் எழுதியிருக்கிறது. எழுதினதை யார் ஐயா மாற்ற முடியும்?” என்றார்.

ஆசிரியனாகி இரண்டாண்டே ஆன எனக்கு அன்று விடை கிடைக்கவில்லை. விடுமுறையில், நாளைய உலகுக்குப் போய்வந்ததாக மனிதர் புனைந்த கதைகளைத் தேடிப் படித்தேன். நாளையைக் கண்டு திரும்பியவன் என்ன கொண்டுவருகிறான் என்று பார்க்க விரும்பினேன்.

நம் நாட்டுப் புராணத்தில் ககுத்மி என்றோர் அரசன். மகள் இரேவதிக்கு ஏற்ற மணமகன் யாரென்று கேட்கப் பிரம்மலோகம் போகிறான். சற்று நேரம் காத்திருந்ததற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன! திரும்பிவந்தால் மனிதர் குறுகிப்போயிருக்கின்றனர். மணமகனாக வாய்த்த பலராமன், பெண் மிக உயரமாக இருக்கக் கண்டு, கலப்பை நுனியால் அவளைக் குட்டையாக்கினான் என்கிறது விஷ்ணு புராணம். இத்தனை யுகம் கடந்தும் அந்தப் பெண்ணின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. காலம் தேய்ந்துகொண்டே போகும், நீ அதற்கேற்பக் குனிந்துகொள் என்பதுதான் அந்தப் பயணம் கொண்டுவந்த செய்தி.

கிறித்துவர் எழுதிய கதை வேறு வகையா? அயர்லாந்தைச் சேர்ந்த சாமுவேல் மேடன் என்னும் பாதிரியார் 1733இல் ஒரு நூலை அச்சிட்டார். 1997, 1998ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட கடிதங்களை ஒரு தேவதூதன் 1728ஆம் ஆண்டு மனிதனிடம் கொண்டுவந்து தருகிறான். அக்கடிதங்களில் காணும் உலகில் ஓங்கி நிற்பது எது? ரோமாபுரிச் சபையும் அதன் இயேசு சபைத் துறவியரும். மேடன் எதிர்ச்சபைக்காரர், அன்றைய அச்சத்தையே இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் தூக்கி வைத்தார். அதே இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் 1732இல் தமிழுக்குச் சதுரகராதியைத் தந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. தேவதூதனே தூது வந்தாலும், எழுதுபவன் தன் வெறுப்பையே நாளையாக எழுதிவைக்கிறான்.

ஆனால் கிறித்துவ மரபில் வேறொரு குரலும் உண்டு. உயர்ந்த குன்றின்மேலிருந்து கீழே உள்ளவற்றை ஒருசேரக் காண்பதுபோல் கடவுள் முக்காலத்தையும் காண்கிறார்; அவர் காண்பதனால் நடப்பவனின் கால் கட்டுண்டுவிடாது என்று 6ஆம் நூற்றாண்டிலேயே போயீத்தியஸ் வாதிட்டார். குன்றின்மேல் ஒருவர் இருக்கிறாரா என்பதில் நமக்கும் அவருக்கும் வழக்கு உண்டு. கால் நடப்பவனுடையது என்பதில் வழக்கில்லை.

1843இல் டிக்கன்ஸ் எழுதிய கிறித்துமஸ் கதை இந்தக் குரலில் பிறந்தது. ஸ்க்ரூஜ் என்னும் கருமியைக் கடந்த காலம், நிகழ்காலம், வருங்காலம் என மூன்று ஆவிகள் அழைத்துச் செல்கின்றன. எழுத்தன் வீட்டு நோயாளிச் சிறுவன் இறந்துபோன நாளையும், அழுவாரற்ற தன் கல்லறையையும் காண்கிறான். கண்டவன் “விதி” என்று படுத்துவிடவில்லை. விழித்ததும் கூலியை உயர்த்துகிறான், சிறுவன் பிழைக்கிறான். எழுதப்பட்ட நாளை அழிக்கப்படுகிறது!

இதில் குறை இல்லையா? உண்டு. முதலாளி மனம் திருந்தும்வரை ஏழைச் சிறுவன் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆவி வராத ஊரில் அச்சிறுவன் என்ன செய்வான்? 1940களில் பெரியார் ‘இனி வரும் உலக’த்தைக் கற்பனை செய்தபோது ஆவியையும் தேவதூதனையும் அழைக்கவில்லை. பரிசோதனைக் குழாயில் பிள்ளைப்பேறு பற்றியும், சட்டைப்பையில் அடங்கும் கம்பியில்லாக் கருவி பற்றியும் பேசினார். 1978இல் அத்தகைய குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. ஆனால் அவர் சொன்னதால் அது பிறந்துவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் சிலர் பல்லாண்டு உழைத்ததால் பிறந்தது.

தோழர்களே, இங்கேதான் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். “காலம் மாறும், சாதி தானாகச் சாகும்” என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போவதும் தலைவிதிக் கொள்கைதானே? சோதிடன் கட்டத்தைக் காட்டுகிறான். நாம் வரலாற்றைக் காட்டுகிறோம். இருவரும் கையைக் கட்டிக்கொண்டால் வேறுபாடு என்ன?

மீண்டும் அந்தத் திண்ணைக்குப் போனேன். இம்முறை வாதாடவில்லை, கேட்டேன். நூல் தரும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம், கழித்தது, மீண்டும் வாங்கியது எல்லாம் ஒரு சிறு கணக்கேட்டில் இருந்தன. பையன் தறியில் அமர்ந்ததன் காரணம் அதில் இருந்தது. தலையில் ஒன்றும் எழுதப்படவில்லை, ஏட்டில்தான் எழுதப்பட்டிருந்தது. மனிதன் எழுதியதை மனிதன் கூட்டிப் பார்க்கலாம், தவறிருந்தால் அடிக்கலாம்.

பையனே கூட்டிப் பார்த்தான். இரண்டு இடத்தில் கணக்குப் பிழை. அதைச் சுட்டிக்காட்டத் தந்தை முதலாளியிடம் போனார். கடன் தீர்ந்துவிடவில்லை, பையன் இன்னும் தறியில்தான் இருக்கிறான். மாலையில் என்னிடம் வந்து, தனித்தேர்வராகத் தேர்வெழுதப் படிக்கிறான். வெல்வானா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எந்த ஆவியையும் நான் அழைக்கப்போவதில்லை. நாளை மாலை அவனுக்கு நடத்த வேண்டிய பாடம் இருக்கிறது.