ஐசியு வாசலில் சண்முக கவசம்

ஓம் சரவணபவ.

போன ஐப்பசியில், சஷ்டி விரதம் நடந்த வாரம் முழுக்க நான் ஏன் எதுவும் எழுதலைன்னு சிலர் கேட்டீங்க. இப்போதான் சொல்ல மனசு வந்திருக்கு.

ஆர்.கே.பேட்டை வீட்டுல என் நாலு வயசுப் பொண்ணுக்கு நாலு நாளா காய்ச்சல். அஞ்சாம் நாள் காலையில உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. அம்மா விபூதி பூசி, "திருத்தணியான் காப்பாத்திட்டான்"னு கற்பூரம் ஏத்தினாங்க. நானும் நிம்மதியா லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்ல உட்கார்ந்துட்டேன். சாயந்தரம் குழந்தை வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்தா. பாதத்தைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு. காலையிலிருந்து ஒண்ணுக்கே போகலைன்னு அப்போதான் என் மனைவி சொன்னா. திருத்தணியில பார்த்துட்டு, உடனே 108 வண்டியில எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க.

டெங்கு. அதுல காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்தான நேரமாம். மூணாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்ள ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும். வெளியே நிக்கிற நாம எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவுன்னுதான் கேட்கறோம். அவங்க பார்க்கறது நாடி, பிரஷர், சிறுநீர். சலைன் குறைஞ்சாலும் ஆபத்து, கூடினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். 2016ல நம்ம திருத்தணி பக்கம் காவேரிராஜபுரத்துல காய்ச்சல்ல குழந்தைங்க போனாங்களே, அதை நானும் படிச்சவன்தான். இருந்தும் உடம்பு ஆறினதைப் பார்த்து அருள்னு நினைச்சு, கண்ணை எடுத்துட்டேன். இது முருகன் மேல போடற பழி இல்லை, என் மேல.

ஐசியு உள்ளே கொஞ்ச நேரம்தான் விட்டாங்க. வாசல்ல உட்கார்ந்து பாம்பன் சுவாமிகளோட சண்முக கவசம் சொல்ல ஆரம்பிச்சேன். 1891ல சுவாமிகள் பாடினது, 'அ' தொடங்கி 'ன' வரைக்கும் 30 பாட்டு. உறுப்பு உறுப்பா பேர் சொல்லிக் காக்கச் சொல்றது. கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். நர்ஸ் அக்கா மணிக்கொரு தரம் நெத்தி, கை, வயிறு, பாதம்னு தொட்டுப் பார்த்து சார்ட்ல எழுதிட்டிருந்தாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நான் வெளியே வாயால சொன்ன வரிசையை அவங்க உள்ளே கையால செஞ்சிட்டிருந்தாங்க.

அந்த ராத்திரிதான் சுவாமிகள் வரலாறு எனக்கு வேற மாதிரி புரிஞ்சது. 1923 டிசம்பர் 27ல சென்னை தம்புசெட்டித் தெருவுல குதிரை வண்டி ஏறி அவருக்கு இடது கால் முறிஞ்சது. கவசம் பாடினவருக்கே! பாடி 32 வருஷம் கழிச்சு! பொது ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. எழுபது வயசு தாண்டினவர், உப்பு சேர்க்காதவர், எலும்பு கூடறது கஷ்டம்னு டாக்டருங்க கையை விரிச்சாங்க. அவருக்காக சண்முக கவசம் சொன்னது சீடர் சின்னசாமி ஜோதிடர். பதினோராம் நாள் சுவாமிகளுக்கு மயில் காட்சி கிடைச்சது, எலும்பு கூடினது. அதைத்தான் மார்கழியில திருவான்மியூர்ல மயூர வாகன சேவனமா கொண்டாடறோம். நாம மயிலை மட்டும் பேசறோம். அதுக்கு முன்னாடி பத்து நாள் அவர் கட்டில்ல படுத்துக் கிடந்தார், வேற ஒருத்தர் விடாம சொல்லிட்டிருந்தார். அந்தப் பத்து நாளைப் பத்தி யாரும் ஃபார்வர்டு அனுப்பறதில்லை.

ரெண்டாம் ராத்திரி பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒருத்தர், கும்மிடிப்பூண்டியில கான்ட்ராக்ட் வேலை பார்க்கறவர், "தம்பி, எனக்கு மனப்பாடம் இல்லை. என் பையனுக்கும் சேர்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டார். பையன் பேரைக் கேட்டு, ஒவ்வொரு தரமும் ரெண்டு பேரையும் சொன்னேன். டீ வாங்கி வந்தா ஆளுக்குப் பாதி.

மூணாம் நாள் காலையில என் பொண்ணு ஒண்ணுக்குப் போனா. அதைக் கேட்டு அழுத அப்பன் நானாத்தான் இருப்பேன். அன்னைக்கு மத்தியானம் அவர் பையன் போயிட்டான்.

போகும்போது அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவனுக்கும் சேர்த்துதானே சொன்னீங்க தம்பி?"ன்னார். குத்தமா கேட்கலை. தெரிஞ்சுக்கணும்னு கேட்டார். "ஆமாண்ணே, ஒரு தரம் கூட விடலை"ன்னேன். தலையை ஆட்டிக்கிட்டார்.

ஒரே வாசல்ல, ஒரே வாயால ரெண்டு பேருக்குச் சொன்ன கவசம். என் பக்தி உசத்தி, அதான் என் குழந்தை பிழைச்சதுன்னு நான் எழுதினா, அந்த மனுஷன் முகத்துல நான் முழிக்க முடியாது. அதனால "கவசம் சொன்னேன், பலன் கிடைச்சது"ன்னு அனுபவப் பதிவு கேட்டு மெசேஜ் அனுப்பினவங்க மன்னிக்கணும், அப்படி எழுத எனக்கு வரலை. பெத்தவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். காய்ச்சல் விட்டதும் கற்பூரம் ஏத்துங்க, ஏத்திட்டு அடுத்த ரெண்டு நாள் குழந்தை பக்கத்துலயே இருங்க. வயித்துவலி, விடாத வாந்தி, சில்லுன்னு கை கால், சோர்வு, ஒண்ணுக்கு குறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே வண்டி ஏறுங்க.

கிருத்திகைக்குத் திருத்தணி படி ஏறினோம். பொண்ணு பாதி வழி நடந்தா, மீதி என் தோள்ல. மேல நின்னு கவசம் சொன்னேன். வழக்கம் போல ரெண்டு பேர் பேரும் சொன்னேன். "அது யாருப்பா இன்னொரு பேரு?"ன்னு கேட்டா. உன் கூட ஆஸ்பத்திரியில இருந்த அண்ணன்னு சொன்னேன்.

முருகா சரணம்.