தானம் கொடுத்த கண்

"செத்தவங்க குடுத்தத நான் கெடுத்துப்புட்டேன்மா."

அறுவை சிகிச்சை முடிந்து எட்டாவது வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் அப்பா இதை மட்டும் சொன்னார். பச்சை விளக்கு விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார்.

கண்புரை எடுத்த பிறகு அப்பாவின் வலது கண் மெல்ல மெல்ல மங்கிப்போனது. கார்னியாவின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. உள்ளே ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்து, கார்னியாவைக் கண்ணாடிபோல வைத்திருப்பவை அவைதாம். மனிதர்களுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ரொம்பவும் குறைந்துபோனால் கார்னியா ஊறி வீங்கிவிடும். "கேமரன் மலையில மழைக்குள்ள லாரி ஓட்டுற மாதிரி இருக்கு, வைப்பர் வேற வேல செய்யல" என்பார் அப்பா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்.

இறந்த ஒருவரின் கண்ணிலிருந்து அந்த உள்ளடுக்கை மட்டும் எடுத்து, சின்னக் கீறல் வழியாக நுழைத்து, காற்றுக் குமிழியால் அழுத்தி ஒட்டவைத்தார்கள். குமிழி மேல்நோக்கி அழுத்த வேண்டும் என்பதால் அப்பா மல்லாந்தே கிடந்தார். சாப்பிடவும் பாத்ரூம் போகவும்தான் எழுந்தார். ஐந்தாம் நாள் அடுக்கின் ஓர் ஓரம் கழன்றிருந்தது. மறுபடி காற்று, மறுபடி மல்லாந்து கிடத்தல். ஒட்டிக்கொண்டது. ஆனால் கண் தெளியவே இல்லை.

கார்னியா அமெரிக்காவிலிருந்து வந்தது. மலேசியாவில் கண் கொடுப்பவர்கள் குறைவு என்பதால் நிறைய கார்னியாக்கள் வெளியிலிருந்துதான் வருகின்றன. கூடவே வந்த தாளில் பெயர் இல்லை. வயது 64, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,650 செல்கள் என்று இருந்தது. சித்தி அந்த வயதைப் பார்த்ததும், "கெழவன் கண்ணையா வச்சாங்க? அதான்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம் ஓடியிருந்ததால் சித்தியிடம் எரிந்து விழுந்தேன். பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய ஆய்வு நடத்தி 2008இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். 65 வயது வரையுள்ளவர்களின் கார்னியாவும், 66 முதல் 75 வயதுவரை உள்ளவர்களின் கார்னியாவும் ஐந்து வருஷம் கழித்து ஒரே அளவில்தான் நிலைத்திருந்தன. இரண்டு பக்கமும் 86 சதவீதம். செல் எண்ணிக்கையிலும் குறையில்லை. பல கண் வங்கிகள் 2,000க்கு மேல் இருந்தாலே ஏற்றுக்கொள்கின்றன.

அப்படியென்றால் தப்பு எங்கே நடந்தது? டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். அப்பா முறைத்தார். "ஓசியில வாங்குனவன் கேள்வி கேக்கலாமா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சிப் பாக்கறதா?"

இந்தப் பழமொழியைப் பல வாரம் மென்றுகொண்டிருந்தேன். முதலில், அது ஓசி இல்லை. கண்ணுக்கு விலை கிடையாது, ஆனால் எடுத்து, சோதித்து, பதப்படுத்தி அனுப்புவதற்குக் கட்டணம் உண்டு. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கட்டியிருக்கிறோம். இரண்டாவது, எல்லா இடத்திலும் அது தானம்தானா என்பதே கேள்வி. பக்கத்துச் சிங்கப்பூரில் 2004இலிருந்து கார்னியாவும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. வேண்டாமென்று எழுதி வைக்காதவர் சம்மதித்தவர். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இந்த மாட்டின் பல்லை நமக்கு முன்பே யாரோ பிடித்துப் பார்த்துவிட்டார்கள். நுண்ணோக்கியில் செல்லை எண்ணியிருக்கிறார்கள், ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளைத் தேடியிருக்கிறார்கள். கொடுத்தவரின் குடும்பம் இதை அவமானமாக நினைத்திருக்குமா? கெட்டுப்போன கண்ணை ஒருவருக்கு வைக்கட்டும் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இறந்தவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் எத்தனையோ கைகள். கண்ணை எடுத்த கை, குளிரில் வைத்த கை, அடுக்கை உரித்த கை, உள்ளே நுழைத்த கை. எல்லாம் சம்பளம் வாங்கிய கைகள். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே செல்கள் கூட்டமாகச் செத்துப்போகும். நன்றி கொடுத்தவருக்கு உரியது. அதை ஒரு போர்வை மாதிரி நடுவிலிருக்கும் எல்லார் மேலும் போர்த்திவிட்டு, கடைசியில் பழியை மட்டும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் அப்பா. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் நானும் யோக்கியமில்லை. எனக்கு வேண்டியிருந்தது பதில் இல்லை, ஓர் ஆள். திட்டுவதற்கு.

அந்த மனநிலையில்தான் ஓலோமோட்ஸ் கதையைப் படித்தேன். 1905 டிசம்பர் 7, இன்றைய செக் நாட்டிலுள்ள அந்த ஊரில் எடுவார்ட் சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன அலோயிஸ் குளோகார் என்ற கூலித் தொழிலாளிக்குக் கார்னியா மாற்றினார். கொடுத்தது கார்ல் பிரௌவர், பதினொரு வயதுப் பையன். இரும்புத் துண்டு பாய்ந்ததால் எடுக்க வேண்டியிருந்த கண். அந்த ஒற்றைக் கண்ணின் கார்னியாவிலிருந்தே இரண்டு வில்லைகள் வெட்டி, குளோகாரின் இரண்டு கண்ணிலும் வைத்தார். ஒன்று தோற்றது. இன்னொன்று தெளிவாக நின்றது. உலகில் வெற்றிபெற்ற முதல் கார்னியா மாற்று அதுதான்.

ஒரே பையனின் கண், ஒரே டாக்டரின் கை, ஒரே நோயாளி. அப்படியும் ஒன்று போயிற்று, ஒன்று நின்றது. இதில் யாரைத் திட்டுவது? அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாவம், சின்னப் பையன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த முறை டாக்டரிடம் நானே கேட்டேன். சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். மழுப்பாமல் சொன்னார்: வந்தபோதே செல்கள் பலவீனமாக இருந்திருக்கலாம், என் கையில் அடிபட்டிருக்கலாம், இரண்டாவது முறை காற்று ஏற்றியபோது போயிருக்கலாம். இந்த ஒரு கண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிறகு, ஒரு தகவல் மாதிரி, இதையும் சொன்னார். இப்படித் தெளியாமலே போனால் கண் வங்கிக்கு எழுதுவார்களாம். அவர்கள் அதே ஆளின் மற்றக் கண் என்ன ஆனது என்று விசாரிப்பார்களாம். அதுவும் போயிருந்தால் சந்தேகம் கார்னியாவின் மேல் விழும்.

அதுவரை வாயே திறக்காத அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு கண்ணு யாருக்கு வச்சாங்க?" என்று என்னைக் கேட்டார். பிறகு தானே மலாயில் டாக்டரைக் கேட்டார்.

யாரென்று சொல்ல மாட்டார்கள் என்றார் டாக்டர்.

"அந்த ஆளுக்குத் தெரியுதா?"

தெரியாது, அவர்கள் எழுதினால்தான் தெரியும்.

"எழுதிட்டீங்களா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். இந்த வாரம் எழுதிவிடுகிறேன் என்றார். அப்பா காத்திருந்து, "இன்னிக்கே எழுதுங்க டாக்டர்" என்றார், அதே பணிவான குரலில். பிறகு வழக்கம்போல் "தெரிமா காசே" சொல்லிவிட்டு எழுந்தார்.

இரண்டாம் முறை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. மாதம் ஒருமுறை போகிறோம். தன் கண்ணைப் பற்றி டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொள்கிறார். கிளம்பும்போது மட்டும், கதவுப் பிடியில் கைவைத்துக்கொண்டே, அந்த ஆளைப் பற்றிப் பதில் வந்ததா என்று கேட்கிறார்.