பூச்சிக்கும் கணக்கு உண்டு

ராசிங்காபுரத்திலிருந்து பார்க்கையில் ஒரே மலையாகத் தெரியும் போடி மலைச்சரிவு, சட்டத்தின் பார்வையில் பல துண்டுகள். தனியார் ஏலத்தோட்டத்தில் தண்டு துளைக்கும் புழுவைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பத் தோட்டக்காரர் சம்மதித்தால் போதும். காப்புக்காட்டிலோ வனத்துறை அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் எந்தக் காட்டுயிரையும் எடுக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள பட்டாம்பூச்சியைச் சொந்தத் தோட்டத்தில்கூடப் பிடிக்க முடியாது. ஆய்வுக்கென்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். வெளிநாட்டினருக்குச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. ஒரு பூச்சிக்காகவா இத்தனை கட்டுப்பாடு? பொதுநிலம் எல்லோருக்கும் சொந்தம்தானே?

எல்லோருக்கும் சொந்தம் என்பதாலேயே எவரும் தன்னிச்சையாக எடுக்க முடியாது. ஏலம் எடுக்காதவர் ஊர்க் கண்மாயில் வலை வீசினால் ஊர் கேட்கும். காட்டின் சார்பில் அப்படிக் கேட்பதுதான் அனுமதிமுறை: எதை, எத்தனை, எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள்? இலங்கையின் யால தேசியப் பூங்காவில் 2020இல் பிடிபட்ட இத்தாலியர் இருவரின் குப்பிகளில் 92 இனப் பூச்சிகள் இருந்தன. 2024இல் விதிக்கப்பட்ட அபராதம் இலங்கைப் பணத்தில் 6 கோடி ரூபாய். அதற்காக, எடுப்பதெல்லாம் பாவம் என்று சொல்லிவிட முடியாது. நம் தேனி மாவட்டத்து மேகமலையில் கண்டறியப்பட்ட பட்டாம்பூச்சி இனம் ஒன்று, 2023இல் அந்த மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி உலகுக்கு அறிமுகமானது. ஓர் இனம் புதியது என்று நிறுவ, ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி உடல் வேண்டும் என்பது அறிவியல் வழக்கம். வலது முன்சிறகின் வழியே ஊசி இறக்கிய வண்டின் அடியில், இடம், உயரம், நாள், எடுத்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு இருந்தால் அது நூறாண்டு கழித்தும் சாட்சி சொல்லும். சீட்டு இல்லாத வண்டு வீணாகக் கொல்லப்பட்ட உயிர்.

ஏலத்துக்கு அடிக்கும் மருந்தில் எண்ணற்ற பூச்சிகள் சாகும்போது, வலை பிடித்தவரை மறிப்பது நியாயமா என்று கேட்பார்கள். மருந்தின் தீங்கு உண்மை. ஏலப்பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீயும் அதில் மடிகிறது. ஆனால் ஒரு தவறைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்த முடியாது. மேலும், விற்பதற்குச் சேகரிப்பவர் தேடுவது அரிதானதையே. ஒரே மலையில் வாழும் இனத்துக்கு அதுவே பேராபத்து.

அனுமதிக்கு அலையும் மாணவரின் முறையீடு இதைவிட வலுவானது. பெயரே தெரியாத உயிரைக் காப்பது கடினம். அந்தப் பெயரைத் தேடித் தருபவர் அவர்தான். கணக்குக் கேட்கும் அரசுக்குக் காலத்தில் பதில் சொல்லும் கடமையும் உண்டு. விண்ணப்பத்தைக் கிடப்பில் போடுவதால் எந்தப் பூச்சியும் பிழைப்பதில்லை. ஆனாலும் தாமதத்தைச் சாக்காக்கித் திருட்டுத்தனமாக எடுத்த மாதிரி, ஆய்வின் நம்பகத்தையே குலைக்கும்.

வலையோடு மலையேறுபவர் முதலில் கேட்டறிய வேண்டியவை இரண்டு: நிற்கும் நிலம் யாருடையது, பிடிக்கும் பூச்சி அட்டவணையில் உள்ளதா. கணக்குச் சொல்ல முடியாத ஓர் உயிரைக் காட்டிலிருந்து எடுப்பது, பிடிபட்டாலும் படாவிட்டாலும், அறமாகாது.