உத்தரவு இல்லை என்பது பதிலாகுமா?

1994 ஏப்ரல் 11. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்கல்விப் பள்ளி. உயிருக்கு அஞ்சி உள்ளே தஞ்சம் புகுந்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர், பெரும்பாலும் இனப்படுகொலைக்குக் குறிவைக்கப்பட்ட டுட்சி இனத்தவர். காவலுக்கு ஐ.நா. கொடியின் கீழ் பெல்ஜிய வீரர்கள். வாசலுக்கு வெளியே வெட்டரிவாளோடு கும்பல். வெளிநாட்டினரை மீட்டாயிற்று, கிளம்பச் சொல்லி உத்தரவும் வந்தது. போகாதீர்கள் என்று மறித்த தஞ்சமடைந்தோரை விலக்கிவிட்டு வண்டிகள் போயின. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள்.

உத்தரவுக்குக் கட்டுப்பட்ட அந்த வீரர்களைப் பழிக்கலாமா? ஆளுக்கொரு நியாயம் பேசினால் படை படையாக இராது என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நான்கு நாள் முன்புதான் அவர்களுடைய தோழர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆனால் உத்தரவு என்பது எங்கோ ஒரு மேசையில் சில மனிதர்கள் எடுக்கும் முடிவு. ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை 270 ஆகக் குறைக்க ஒருமனதாகத் தீர்மானித்தது. கொலைகளை நடத்திக்கொண்டிருந்த அரசின் பிரதிநிதியும் அந்த அவையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். தீர்மானம் சட்டப்படி சரி. அறத்தின்படி அது கைவிடல்.

உள்நாட்டில் நிலைமை வேறு. ருவாண்டாவின் நிர்வாகம் செயலற்றுக் கிடக்கவில்லை, கச்சிதமாகவே இயங்கியது. பெல்ஜிய ஆட்சி 1930களில் புகுத்திய இன அடையாள அட்டையைச் சாலைத் தடுப்புகளில் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் கொன்றார்கள். உள்ளூர் அதிகாரிகளே ஆள் திரட்டினார்கள். நிறுவனங்கள் வலுவாக இருந்தால் நாடு நலமாக இருக்கும் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே நிர்வாகத்தில்தான் புட்டாரே மாகாணத்தின் ஆளுநர் ழான் பப்டிஸ்ட் ஹப்யாலிமானாவும் இருந்தார். அவர் பதவியில் இருந்தவரை, ஏறத்தாழ இரண்டு வாரம், அந்த மாகாணத்தில் பெருங்கொலைகள் பரவவில்லை. அவரை நீக்கினார்கள், பிறகு கொன்றார்கள். பல்லாயிரம் பேரும் மாண்டார்கள். ஒரு நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது எத்தனை உயிர்களின் கேள்வி! ஆனால் ஒரே ஒரு நல்ல மனிதரை நம்பி ஒரு மாகாணமே உயிர் வாழ நேர்ந்தால், அது நிறுவனத்தின் தோல்வி.

ஐ.நா. தரப்பிலும் உத்தரவை மீறிய ஒருவர் இருந்தார். செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே டியாக்னே ருவாண்டாவில் ஐ.நா.வின் ராணுவப் பார்வையாளர். தலையிடக் கூடாதென்ற விதியை மீறி, தன் வண்டியில் சிலர் சிலராக ஏற்றித் தடுப்புகளைத் தாண்டி நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார். மே 31 அன்று குண்டுவீச்சில் இறந்தார். 2014இல் அதே பாதுகாப்பு அவை அவர் பெயரில் ஒரு பதக்கத்தை நிறுவியது. தகுதியான மரியாதைதான். ஆனால் படையைக் குறைக்கக் கைதூக்கிய நாடுகளில் எதுவும் அந்த வாக்குக்காகத் தண்டிக்கப்படவில்லை.